துருவ மேகங்களை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் படங்களை வைத்து ப்ராஜெக்ட் செய்யும் வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் துருவ மேகங்களைத் தொட்டால், நம்மூர் வானத்தில் பழகிய கண்ணை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. தரை சூடு, மேகத்தின் உச்சி குளிர். குளிர்ந்தது வெள்ளையாகத் தெரியும் என்பதால், ஜவ்வாது மலை மேல் வெள்ளையாக நிற்பது மழை மேகம். அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வெயிலே படாத பனித்தரை தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், அதைவிட மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். அங்கே மிதக்கும் மேகமும் தரையைவிடச் சூடாகப் பதிவாகலாம். 'குளிர்ந்ததெல்லாம் மேகம்' என்று ஒரே வெப்பநிலை வரம்பு வைத்தால் தரை மேகமாகும், மேகம் தரையாகும். 3.9, 11, 12 மைக்ரான் அலைவரிசைகளுக்கு இடையே உள்ள வித்தியாசங்களையும், 6.7 மைக்ரான் நீராவி அலைவரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, இன்சாட் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பது. அங்கிருந்து துருவம் தெரியாது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் டெர்ரா, அக்வா போன்ற நாசா செயற்கைக்கோள்களின் படங்கள்தான் உதவும்.

பகல் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. 1.6 மைக்ரானில் பனி இருண்டுவிடும், நீர்த்துளி மேகம் பளிச்சென்று நிற்கும். ஆனால் பனிப்படிக மேகமும் ஓரளவு இருளும். மெல்லிய மேகத்தை இதை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். அக்வாவின் மோடிஸ் கருவியில் இந்த அலைவரிசையின் உணரிகள் பல பழுது. அங்கே 2.1 மைக்ரானை எடுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் இடங்களில் மேக நிழலையும் கவனியுங்கள்.

சரி, மேகத்தைப் பிரிக்க நீங்கள் பயிற்றுவித்த கணினி மாடல் 98 சதவீதத் துல்லியம் காட்டுகிறதா? சந்தேகப்படுங்கள். ஒரே படத்தின் பிக்சல்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், பக்கத்துப் பிக்சலைப் பார்த்தே விடை சொல்லிவிடும். படம் படமாக, முடிந்தால் வேறு மாதமாகப் பிரியுங்கள். பகலுக்கும் துருவ இரவுக்கும் மதிப்பெண் தனித்தனியாக வேண்டும்.

மோடிஸின் சொந்த மேக வரைபடத்தையே விடைத்தாளாக வைத்தால் அதன் பிழைகளையும் மாடல் கற்றுக்கொள்ளும். 2006-இல் ஏவப்பட்ட காலிப்ஸோ செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளோடு ஒப்பிடுங்கள். 2018 வரை அது அக்வாவை ஒட்டியே பறந்ததால் நேரம் பொருந்தும். ஆனால் அது சுமார் 82 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் போனதில்லை. அதற்கு மேலுள்ள பகுதிக்கு உங்கள் முடிவு சரிபார்க்கப்படாதது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.