செடோனா மலை சைக்கிள் திருவிழா: கூட்டாளிகளோடு போனால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

மார்ச் மாதத் தொடக்கத்தில் அரிசோனாவின் செடோனாவில் நடக்கும் மலை சைக்கிள் திருவிழாவுக்கு ஒரு குழுவாகக் கிளம்புகிறவர்களின் வாட்ஸ்அப்பில் முதலில் ஓடும் பேச்சு, எந்தெந்த பைக்கை ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள், பாசி கிரவுண்ட்ஸ் பூங்காவில் கம்பெனிகள் கூடாரம் போட்டு, நம்மில் பலர் கடையில் விலையைப் பார்த்ததுமே நகர்ந்துவிடும் பைக்குகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள், டிக்கெட் இருந்தால் எடுத்துக்கொண்டு பக்கத்து மலைக்கே போய் வரலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. அந்த ஆசையில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அலைகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழங்காலில் கட்டோடு, எதை ஓட்டினோம் என்றே நினைவில்லாமல், காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் தவறு: ஒரு நாளைக்கு நாலு பைக், ஒவ்வொன்றும் வேறு வேறு டிரெயிலில், அதாவது மலைப் பாதையில். காலையில் 130 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள டிரெயில் பைக்கைச் சமதளமான பாதையில் ஓட்டிவிட்டு, மதியம் கரடுமுரடான இறக்கத்துக்கென்றே செய்த 170 மில்லிமீட்டர் எண்டூரோ பைக்கைப் பாறைச் சரிவில் இறக்கினால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? பாதைதான் மாறியிருக்கிறது, பைக்கைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. பூங்காவை ஒட்டியே அடோபி ஜாக், ஹாவலீனா, கிராண்ட் சென்ட்ரல் என்று டிரெயில்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், இரண்டு மூன்று பாறைப் படி வருகிற மாதிரி ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து, எடுக்கிற எல்லா பைக்கையும் அதே சுற்றில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பைக் போதும். ஏற்றத்தில் எது மூச்சு வாங்க வைக்கிறது, வளைவில் எது அடம்பிடிக்கிறது என்பது இரண்டாவது சுற்றிலேயே உடம்புக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, கூடாரத்தில் காட்டும் அவசரம். பின்னால் வரிசை நிற்கிறது, மெக்கானிக் பையன் எடை எவ்வளவு என்று கேட்கிறான், நம் ஆட்கள் கல்யாணத்துக்கு முந்தைய எடையைச் சொல்லிவிட்டு ஏறிவிடுகிறார்கள். எடை கேட்பது சும்மா இல்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் அதன் மொத்த அசைவில் 25 முதல் 30 சதவீதம் வரை அமுங்க வேண்டும், அதற்கேற்ற காற்றழுத்தத்தை அந்த எடையை வைத்துத்தான் போடுவார்கள். குறைத்துச் சொன்னால் பைக் தொய்ந்து போய் ஒவ்வொரு கல்லிலும் பெடல் இடிக்கும், அப்புறம் ஊருக்கு வந்து அந்த பைக்கே மோசம் என்று விமர்சனம் எழுதுவீர்கள். முதுகுப்பை, தண்ணீர், ஷூ எல்லாம் சேர்த்து இன்றைய எடையைச் சொல்லுங்கள், உட்கார்ந்து அமுங்கிக் காட்டுங்கள், அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தையும் (ரீபவுண்ட்) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. டயர் காற்றையும் அவர்கள் வைத்தபடி விட்டுவிடாதீர்கள். எழுபது கிலோ ஆசாமி என்றால் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். செடோனாவின் பாறை விளிம்புகள் கூர்மையானவை, அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் ரிம் அடிபடும். அடிபட்டால் யார் செலவு என்பது நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எழுதியிருக்கும்.

சொந்த பெடலை எடுத்துக்கொண்டு போங்கள். எடையில் அரைக் கிலோகூட வராது. காலுக்குப் பழகிய பெடல் இல்லாமல் புது பைக்கில், புது மலையில் இறங்கினால் கவனம் பூராவும் காலில்தான் இருக்கும். ஹெல்மெட், முழங்கால் பட்டை, கையுறையும் அப்படித்தான். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் டெமோ பைக்கில் டியூபோ பம்ப்போ இருக்காது என்றே வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பையில் உதிரி டியூப், டயர் லீவர், டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், பம்ப், மல்ட்டி டூல் போட்டு வைத்து, பைக் மாறும்போதெல்லாம் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்மூரில் மோட்டார் பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று. இரண்டிலும் முன் பிரேக் வலது கையில் இருக்கும், ஸ்கூட்டரில் பின் பிரேக் இடது கையில். அமெரிக்க சைக்கிளில் வலது கை பின் பிரேக், இடது கைதான் முன் பிரேக். சாலையில் மெதுவாகப் போகும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் செங்குத்தான பாறையில் இறங்கும்போது பயத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போகும், பின் பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்தினால், இப்போதிருக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குகளின் வேகத்துக்கு, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் விழ வேண்டியதுதான். கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் புல்வெளியில் பத்து தடவை ஒற்றை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அவர்களைக் கட்டாயம் செய்ய வையுங்கள். அவர்களுடைய பயணக் காப்பீடு சாகச விளையாட்டை ஏற்குமா என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், நிறைய பாலிசிகளில் ஏற்காது.

சரி, பைக் கதை போதும். கூட்டாளிகள் கதைக்கு வருவோம், ஏனென்றால் வார இறுதி கெட்டுப் போவது பெரும்பாலும் இதில்தான்.

ஆறு பேர் போனால் ஆறு பேரும் ஒன்றாகவே ஓட்ட வேண்டும் என்று நினைப்பது பாசம்தான், ஆனால் மலையில் அது வேலைக்கு ஆகாது. ஒருத்தர் வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டுகிறவர், ஒருத்தர் போன வருடம் வாங்கிய சைக்கிளை பால்கனியில் துணி காயப்போட வைத்திருக்கிறவர். வேகமானவர் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்து சலித்துப் போவார், அவர் இளைப்பாறி முடித்த நேரத்தில்தான் கடைசி ஆள் வந்து சேருவார், வந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆக, ரொம்பவும் களைத்த ஆளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. விழுகிறவரும் பெரும்பாலும் அவர்தான். காலையில் இரண்டாகப் பிரிந்து போய், மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சேர்ந்து ஓட்டும் நேரத்தில், டிரெயில்கள் பிரியும் இடத்தில் மட்டும் நிற்பது என்று பேசி வைத்துக்கொண்டு, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். பாறைகளுக்கு நடுவே போனில் சிக்னல் போய்விடும், ஆகவே 'தொலைந்தால் கூப்பிடு' என்பது ஏற்பாடே அல்ல.

எந்தப் பாதை என்பதில் யூடியூபை நம்புவது இன்னொரு தவறு. செடோனா என்று தேடினாலே ஹேங்கோவர் டிரெயில்தான் முன்னால் வந்து நிற்கும், சிவந்த பாறை முகட்டின் ஓரத்தில் ஒரு முழ அகலப் பாதையில் யாரோ ஒருவர் அநாயாசமாகப் போய்க்கொண்டிருப்பார். கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடும் என்பதை வீடியோ பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது மிக மிகக் கடினம் என்று இரட்டைக் கறுப்பு வைரக் குறி போட்ட பாதை, பக்கத்தில் பள்ளம், தவறினால் உருண்டு நிற்க இடமில்லை. ஹாக்ஸ் என்று சொல்லப்படும் டிரெயில்களும் லேசுப்பட்டவை அல்ல. எளிது என்றால் பச்சை வட்டம், நடுத்தரம் என்றால் நீலச் சதுரம், கடினம் என்றால் கறுப்பு வைரம் என்கிற குறிகள் அமெரிக்காவில் பொதுவாக ஒன்றுதான் என்றாலும், என்னைக் கேட்டால் செடோனாவின் நீலம் மற்ற பல ஊர்களின் கறுப்புக்குச் சமம். முதல் நாள் பெல் ராக் பாறைக்குன்று பக்கம் போய் ஸ்லிம் ஷேடி டிரெயிலில் ஒரு சுற்று, உடம்பு ஒத்துழைத்தால் மறுநாள் மெஸ்கல், சக்வேகன் என்று போங்கள். காட்சி அங்கேயும் குறைச்சல் இல்லை. பாறை வழவழப்பாகத் தெரிந்தாலும் அது மணற்கல், காய்ந்திருந்தால் டயர் உடும்புப் பிடியாகப் பிடிக்கும், அந்தப் பிடியை நம்பப் பழகவே ஒரு நாள் ஆகும். கறுப்பு வைரம் ஞாயிறு காலைக்கு இருக்கட்டும். சனி மாலை, கால் தளர்ந்த நேரத்தில், 'கடைசியாக ஒன்று' என்று எவனாவது ஆரம்பித்தால் பியர் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். செடோனாவைச் சுற்றியிருப்பது கோகோனினோ தேசிய வனம். அதற்குள்ளேயே ரெட் ராக் சீக்ரெட் மவுண்டன், மண்ட்ஸ் மவுண்டன் என்று வனாந்தரப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட நிலங்கள் இருக்கின்றன, 1964-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அந்த நிலங்களுக்குள் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, உருட்டிக்கொண்டு போவதும் கூடாது. நடைப் பாதையைக் காட்டும் மேப் ஆப் இதையெல்லாம் சொல்லாது, ஆகவே சைக்கிளுக்கென்றே இருக்கும் டிரெயில் மேப்பைக் கிளம்பும் முன் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, வழியில் பலகையையும் பாருங்கள். இ-பைக் டெமோ கிடைக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு எல்லா டிரெயிலிலும் நுழைவதும் தவறு. எல்லா வனப் பாதைகளிலும் இ-பைக்குக்கு அனுமதி கிடையாது. எங்கே ஓட்டலாம் என்று அதே கூடாரத்தில் கேட்டால் சொல்வார்கள். நடந்து வருகிறவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டியது சைக்கிள்காரர்தான், எதிரே ஏறி வருகிறவர் இருந்தால் இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

மார்ச்சில் மழையும் வரும், சில வருடம் பனியும் வரும். டிக்கெட் வீணாகிறதே என்று ஈரம் காயாத மண்ணில் ஓட்டாதீர்கள். அந்தச் சிவப்புக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பைக்கின் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இறுகிவிடும், சக்கரமே சுற்றாது. நீங்கள் போட்ட தடமும் காய்ந்து கெட்டியாகி அடுத்து வருகிறவரைத் தள்ளிவிடும். பாதையோரம் கறுப்பாய்ப் பொருக்குத் தட்டின மாதிரி தெரிவது வெறும் மண் இல்லை, நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து கட்டிய உயிருள்ள மேலோடு. ஒரு மிதியில் உடையும், திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும். குட்டையைச் சுற்றிப் போகிறேன் என்று பாதையை விட்டு இறங்குவதும், செல்ஃபிக்காக ஓரமாக நடப்பதும் அதைத்தான் நொறுக்குகின்றன.

முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சப்பாத்திக் கள்ளியின் பெரிய முள் தெரியும், பிடுங்கிவிடலாம். அதன் அடியில் முடி போல இருக்கும் பொடி முட்கள்தான் நாள் முழுக்க உயிரை எடுக்கும். ஒரு இடுக்கியும் பிசின் டேப்பும் பையில் இருந்தால் தப்பித்தீர்கள், வாயால் பிடுங்க மட்டும் பார்க்காதீர்கள், அது நாக்குக்குப் போய்விடும்.

குளிராகத்தானே இருக்கிறது என்று தண்ணீரைக் குறைக்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம், காய்ந்த காற்று, வியர்வை தெரியாமலேயே ஆவியாகிவிடும். அரை நாள் சவாரிக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், டிரெயிலில் குழாயெல்லாம் கிடையாது. சாப்பாட்டுக்கு எனர்ஜி பார்களை மட்டும் நம்பாமல் காலையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். உப்பு, எண்ணெய், மாவுச்சத்து மூன்றும் இருக்கிறது, கெடாது. பகலில் டி-ஷர்ட் போதும் என்கிற வெயில், இரவில் உறைநிலை வரை இறங்கும் குளிர். மாலையில் பாட்டு, பியர் என்று பூங்காவிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள், ஜாக்கெட் காரில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

தங்குவதற்கு ஊருக்குள்ளேயே இடம் வேண்டும் என்று கடைசி நேரத்தில் தேடினால் அறை வாடகை டெமோ பைக்கை விலைக்கு வாங்குகிற யோசனையையே மறக்கடித்துவிடும். முப்பது கிலோமீட்டர் தள்ளி காட்டன்வுட் இருக்கிறது, அங்கே பாருங்கள். டிரெயில் தொடக்கங்களில் பலவற்றில் வண்டி நிறுத்த ரெட் ராக் பாஸ் என்கிற கட்டண அனுமதிச் சீட்டு வேண்டும், வார இறுதியில் பாஸ் இருந்தாலும் இடம் இருக்காது. காரைப் பூங்கா பக்கம் விட்டுவிட்டு அங்கிருந்தே ஓட்டிப் போகும் பாதைகளையோ ஷட்டில் வண்டியையோ வைத்துத் திட்டம் போடுங்கள்.

அப்புறம், ஞாயிறு மதியம் அங்கேயே பைக் வாங்குவது. மூன்று நாள் விலையுயர்ந்த பைக் ஓட்டிய மயக்கம், சுற்றிலும் ஏற்றிவிடுகிற நண்பர்கள், கூடாரத்துக்காரர் தள்ளுபடி என்கிறார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பைக்கின் பெயர், சைஸ், பிடித்தது, பிடிக்காதது என்று போனில் நாலு வரி போட்டு வைத்திருந்தால், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து அதைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம். உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் பாதைகள் செடோனா மாதிரி இல்லையென்றால் 170 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு பார்க்கில் காற்று வாங்க வேண்டியதுதான்.

ஃபீனிக்ஸ் விமான நிலையம் இரண்டு மணி நேரம் என்று மேப் காட்டும். ஞாயிறு மாலை ஐ-17 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குகிற கூட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. விமானத்தைத் திங்கள் காலைக்குப் போடுங்கள், இல்லையென்றால் ஞாயிறு சவாரியைப் பதினோரு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். இரவல் பைக்கிலிருந்து உங்கள் பெடலைக் கழற்ற மறந்துவிடாதீர்கள், இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ்.