பெற்றோரைப் பார்க்கப் போகும்போது எடுக்க வேண்டிய படங்கள்

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில், தொடர்மாடிகளில் வசிக்கும் வயதான பெற்றோரைப் பார்க்கச் செல்பவர்கள், வாசற்கதவருகே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுக்கும் ஒரு படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படமும் இருக்கட்டும். ஆனால் அம்மா இடியப்ப உரலை இரு கைகளாலும் அழுத்தும்போது விரல் மூட்டுகள் வெளுப்பதும், அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பத்திரிகையைக் கண்ணருகே பிடித்து வாசிப்பதும் அதில் வரப்போவதில்லை.

கடற்பக்க யன்னல்கள் மேற்கு நோக்கியவை என்பதால், காலையில் அவற்றின் வழியே நேர்வெயில் இல்லாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும். கதிரையை யன்னலுக்குப் பக்கவாட்டாகப் போட்டு, பிளாஷை அணைத்து, நீங்களும் அமர்ந்து அவர்களுடைய கண் மட்டத்தில் கைத்தொலைபேசியைப் பிடியுங்கள். "சிரியுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவுடன் முகம் அடையாள அட்டைப் படம்போல இறுகிவிடும்.

அதைவிடப் பயனுள்ளது, பழைய அல்பத்தை மடியில் வைத்துக் கதை கேட்பது. கொழும்பின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்தெடுக்க முயலாமல், மின்குமிழை அணைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் அப்படியே பிரதி எடுங்கள். அந்நேரம் ஒலிப்பதிவையும் ஓடவிட்டால், படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், யாருடைய கலியாணம் என்பதெல்லாம் அவர்களுடைய குரலிலேயே பதிவாகும். வீடு திரும்பிய அன்றே பெயர்களை எழுதி, இன்னொரு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.