சீனத்து மலிவுப் பொருள் இணையத்தில் வாங்குவது எப்படி? காரைக்குடிப் பக்கத்துப் புதியவர்களுக்குப் படிப்படியாக

இருநூறு ரூபாய்க்கு ஸ்மார்ட் வாட்ச், நூறு ரூபாய்க்கு வயர்லெஸ் இயர்போன் என்று போனைத் திறந்தாலே வந்து நிற்கிறது. வாங்கினால் கட்டுமா? சில பொருளுக்குக் கட்டும், பல பொருளுக்குக் கட்டாது. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: பொருள் கெட்டுப்போனால் இந்தியாவுக்குள் பெயரும் முகவரியும் சொல்லி யாரைப் பிடிப்பீர்கள்? ஆள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். ஆள் இல்லையென்றால், அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை என்கிற தொகைக்கு மட்டும் வாங்குங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தாம்.

படி 1: எந்த வழியில் வாங்குகிறீர்கள்?

முதல் வழி, அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் இந்திய விற்பனையாளரிடம் வாங்குவது. சரக்கு சீனாவில் செய்தது என்றாலும் இறக்குமதி செய்தவர் இங்கேயே இருக்கிறார், சுங்கவரி அவர் தலையில்.

இரண்டாவது, சீனாவிலிருந்தே பார்சல் அனுப்பும் வெளிநாட்டுத் தளங்கள். இவற்றில் பெரிய பெயரான அலிஎக்ஸ்பிரஸ், 2020 நவம்பர் 24 அன்று மத்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் ஒன்று. வி.பி.என். (தடையைச் சுற்றிப் போக உதவும் செயலி) போட்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். பொருள் வராமல் போனால் புகார் சொல்ல இடமே இருக்காது. அந்த வேலை வேண்டாம்.

மூன்றாவது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டால் திறக்கும் ஊர் பேர் தெரியாத கடை. கேஷ் ஆன் டெலிவரி என்பான், படத்தில் டிரில் மெஷின் இருக்கும், பெட்டியில் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பணம் கூரியர்காரர் கையில் போன பிறகே பெட்டியைப் பிரிக்க முடியும், அடுத்த வாரம் அந்தத் தளமே இருக்காது. இந்த வழியை முழுதாக விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் முதல் வழியோடு நிற்பது நல்லது.

படி 2: பொருளை வடிகட்டுங்கள்

காசு மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

தாராளமாக வாங்கக்கூடியவை: மொபைல் கவர், வாட்ச் பட்டை, கேக்கும் சோப்பும் வார்க்கும் சிலிகான் மோல்டு, மணி, பாசி, ஜிப் போன்ற தையல், கைவினைச் சாமான், டிரில் பிட், கேபிள் கிளிப், கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ போர்டு, சென்சார். இவை கெட்டாலும் வீடு தீப்பிடிக்காது.

வாங்கக் கூடாதவற்றில் முதலிடம் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் மலிவுச் சாமானுக்கு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் வீடு முழுக்கச் சீரியல் லைட் போடுவோம். மலிவுச் சீரியல் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் கரண்ட்டை அப்படியே டையோடு வழியாகத் திருப்பி, பல்புகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். தலைமுடி கனத்துக்குக் கம்பி, அதன்மேல் ஏனோதானோ என்று ஓர் உறை. அதைச் செட்டிநாட்டு வீட்டின் இரும்புக் கம்பி ஜன்னலில் சுற்றி, உறை எங்காவது ஒரு மில்லிமீட்டர் கிழிந்துவிட்டால், ஜன்னல் முழுவதும் ஷாக்! ஜன்னலுக்குப் போட 5 வோல்ட் யு.எஸ்.பி. செட் வாங்குங்கள். 230 வோல்ட் செட்தான் வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் பார்த்து உள்ளூர்க் கடையில் வாங்கி, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் செருகுங்கள்.

அடுத்தது பேட்டரி. 18650 என்ற உருளை செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே ஏறத்தாழ 3500 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) தான். 9900 என்று அச்சடித்து வந்தால் அது பொய், எடை போட்டாலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊர்க்காரர்கள் இதில் ஏமாறலாமா? பவர் பேங்க்கிலும் ஒரு கணக்கு உண்டு. 10000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 7400, அதிலும் சூடாகிப் போனது போக 6000 சொச்சம்தான் போனுக்குக் கிடைக்கும். இது ஏமாற்று அல்ல. ஆனால் 299 ரூபாய்க்கு 50000 எம்.ஏ.எச். என்று எவராவது விற்றால் அது ஏமாற்றுதான்.

பவர் பேங்க், மொபைல் சார்ஜர் இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். பெட்டியிலோ பொருளிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியின் பதிவு என்று தெரியும். எண் இருந்தும் வேறு கம்பெனி பெயர் வந்தால், எவனோ எண்ணைக் களவாடிப் போட்டிருக்கிறான் என்று பொருள்.

2 டி.பி. பென்டிரைவ் 400 ரூபாய் என்பதும் பழைய வித்தை. உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜி.பி. சிப். கம்ப்யூட்டரிடம் 2 டி.பி. என்று சொல்லும்படி மென்பொருளை மாற்றியிருப்பார்கள். இடம் நிறைந்த பிறகு போடும் கல்யாண வீடியோ எல்லாம் காணாமல் போகும். விண்டோஸில் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ், மேக்கில் 'எஃப்3' என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை, இ-சிகரெட் 2019 முதல் சட்டவிரோதம். முகத்துக்குப் பூசும் கிரீம், ஹெல்மெட், பிரஷர் குக்கர் எல்லாமும் இணையத்தில் மலிவாக வாங்கக் கூடாத பட்டியலில் சேரும். பிராண்டு பெயர் போட்ட நகல் செருப்பு, வாட்ச் ஆகியவற்றைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம்.

பழங்காலத் தோற்றத்தில் எனாமல் பாத்திரமும் இணையத்தில் வருகிறது. படத்துக்கு அழகுதான். அசல் பழைய எனாமல் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கையில் தூக்கி, விளிம்பைத் தடவி, சில்லு போயிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் முறை.

படி 3: கைக்கு வந்து சேரும் விலையைப் போடுங்கள்

இது நேரடியாகச் சீனாவிலிருந்து வரவழைப்பவர்களுக்கு. பொருள் 900, அனுப்பும் செலவு 300, மொத்தம் 1200 ரூபாய் என்று வையுங்கள். அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்று கொண்டால் 240. அதன்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 24. ஆக 1464. இந்தக் கூட்டுத்தொகை மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் என்றால் 263 ரூபாய் 52 காசு. மொத்தம் 1727 ரூபாய் 52 காசு. கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பணமாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 42, அதற்கும் ஜி.எஸ்.டி. இதற்கு மேல் அஞ்சல் அலுவலகமோ கூரியரோ வாங்கும் கையாளும் கட்டணம் வேறு. 900 ரூபாய்ச் சாமான் கைக்கு வரும்போது 1800 தொடுகிறது. வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், பொருளுக்குப் பொருளும் மாறும். கணக்குப் போடும் முறை இதுதான்.

'கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறோம், வரி வராது' என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். 5000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் மிச்சம். விலையைக் குறைத்து எழுதி மாட்டினால் பார்சலில் இருப்பது உங்கள் பெயர்.

போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு கடையில் விலை கேளுங்கள். அங்கே இருப்பதும் பெரும்பாலும் அதே சீனச் சரக்குதான், சென்னை ரிச்சி தெரு வழியாக வந்திருக்கும். ஐம்பது ரூபாய் கூடுதலாக இருந்தாலும் டெம்பர்டு கிளாஸை அவரே ஒட்டித் தருவார், குமிழி விழுந்தால் மாற்றித் தருவார்.

படி 4: விற்பனைப் பக்கத்தைப் படியுங்கள்

ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தாண்டி, ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவற்றை, புதியது முதலில் வரும்படி வைத்துப் படியுங்கள். விமர்சனப் படத்தில் குடை இருக்கிறது, நீங்கள் பார்ப்பது டார்ச் லைட் என்றால், பழைய பொருளின் பக்கத்திலேயே புதுப் பொருளை ஏற்றியிருக்கிறார்கள். அந்த நட்சத்திரங்கள் குடைக்கு விழுந்தவை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பொருள் எந்த நாட்டில் செய்தது என்று பக்கத்தில் சொல்ல வேண்டும். இறக்குமதியாளர் பெயர், முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் காலியாக இருந்தால் அடுத்த கடை. துணிமணியில் எல், எக்ஸ்.எல். என்பதைப் பார்க்காதீர்கள். நம் எம் அளவு அங்கே எல் ஆக இருக்கும். நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் சென்டிமீட்டரில் அளந்து, அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

படி 5: முகவரி

கேட்கச் சாதாரணம், ஆனால் நம் பக்கத்தில் பார்சல் அதிகம் திரும்பிப் போவது இதனால்தான். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முழுக்க உண்டு. கூரியர்காரர் மேப்பைப் பார்த்துப் பின்பக்கம் வந்து, பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். முகப்பு இருக்கும் தெருவின் பெயரை எழுதி, பக்கத்தில் கோவிலோ ஊருணியோ ஓர் அடையாளமும் போடுங்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டை 'விலாசம்' எனும் குடும்ப இன்ஷியலால் சொல்வார்கள். கூரியர்காரருக்கு அது தெரியாமல் போகலாம், கதவு எண் அவசியம்.

சொந்தக்காரர் சென்னையில், வீட்டில் காவலுக்கு ஒருவர் மட்டும் என்றால், அங்கே இருப்பவர் போன் எண்ணையும் கொடுங்கள். ஓ.டி.பி. சென்னைக்கு வந்து, பார்சல் வாசலில் நின்று திரும்புவதில் யாருக்கும் லாபமில்லை. இன்னொன்று, சில கிராமத்துப் பின்கோடுகளுக்கு டெலிவரி உண்டு, ரிட்டர்ன் எடுக்க ஆள் வராது. வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் காரைக்குடி 630001-இல் இருக்கும் உறவினர் வீட்டு முகவரிக்குப் போடலாம்.

படி 6: பணம்

உள்நாட்டுத் தளம் என்றால், பிரித்துக் காட்டித் தரும் ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தனிநபர் யு.பி.ஐ. எண்ணுக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

வெளிநாட்டுத் தளத்துக்குக் கார்டு. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பைப் பொருளின் விலைக்குச் சற்று மேலே மட்டும் வைத்து, கட்டியதும் மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் இது தேவை.

படி 7: பார்சலைத் தொடர்வது

அஞ்சல் வழி வரும் பார்சலின் டிராக்கிங் எண் 13 இடம் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு 9 இலக்கம், கடைசியில் சீனாவைக் குறிக்கும் 'சி.என்.'. யு என்ற எழுத்தில் தொடங்கினால் அது முழுதாகப் பின்தொடர முடியாத சாதாரணப் பொட்டலம். காணாமல் போனால் தேட வழியில்லை. கூரியரில் வந்தால் ஆதார், பான் போன்ற ஆவணம் கேட்பார்கள். அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் ஏற்றுங்கள். 'முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டுங்கள்' என்று லிங்க்கோடு எஸ்.எம்.எஸ். வந்தால் தொடவே கூடாது. தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

படி 8: பிரிப்பதும் சோதிப்பதும்

முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, பொருளை இயக்கிப் பார்க்கும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். நடுவில் வெட்டு இருந்தால் விற்பவர் ஏற்க மாட்டார். ரிட்டர்ன் காலம் முடியும் வரை பெட்டியையும் லேபிளையும் தூக்கிப் போட வேண்டாம்.

டைப்-சி சாமான் சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளை எடுத்துவிட்டு, ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி. உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். ஏறினால் காரணம் இதுதான்: உள்ளே இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை, பைசாக் கணக்கு பார்த்து விட்டுவிட்டார்கள். அவை இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் கரண்ட்டே விடாது. பழைய கேபிளோடு ஓட்டலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

படி 9: தகராறு வந்தால்

முதலில் தளத்துக்குள்ளேயே எழுத்தில் புகார். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை.

சீனாவில் இருக்கும் விற்பனையாளர் மீது இதெல்லாம் நடைமுறையில் செல்லாது. அங்கே இருக்கும் ஒரே பிடி, கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்பது. அதற்குக் கால வரம்பு உண்டு. 'இன்னும் பதினைந்து நாள் பொறுங்கள்' என்று விற்பவர் திரும்பத் திரும்பச் சொல்வதே அந்த வரம்பைத் தாண்டவைக்கத்தான். சொன்ன தேதி போய்விட்டால் அன்றே வங்கிக்கு எழுதுங்கள்.

கடையில் வைத்து விற்க வரவழைப்பவர்களுக்கு மேலே சொன்ன தனிநபர் வழி பொருந்தாது. அதற்கு ஐ.இ.சி. எனும் இறக்குமதியாளர் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. பதிவு, பெட்டிமேல் உங்கள் பெயர் முகவரியோடு லேபிள் எல்லாம் வேண்டும். அப்போது பொருள் கெட்டால் வாடிக்கையாளர் பிடிக்கப்போகும் ஆள் நீங்கள்தான்.