பிள்ளைகள் சண்டையில் உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள்

அண்ணன் வரைந்து வைத்த படத்தில் தங்கை ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கிவிட்டாள், வீடே அலறுகிறது. நாம் கிச்சனிலிருந்தே "சாரி சொல்லுடி" என்று கத்துவோம், அவளும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அண்ணனுக்கு என்ன ஆனது என்று அவள் யோசிக்கவே இல்லை.

அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அவன் அழுது முடிக்கட்டும், அழுகிற நேரத்தில் எந்த நியாயமும் காதில் ஏறாது. அப்புறம் அவளிடம், "அண்ணன் முகத்தைப் பாரு, எப்படி இருக்கான்?" என்று கேளுங்கள். "கோவமா இருக்கான்" என்பாள். "கோவம் மட்டும்தானா? நாளைக்கு மிஸ்கிட்ட காட்டணும்னு வச்சிருந்தானே?" கொஞ்சம் விட்டு, இரண்டு பேரையும் பார்த்து, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" இதைக் கேட்ட பிறகு நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதுதான் பெரும்பாடு. கிறுக்கலை மரமாக்கிவிடலாம் என்பாள், புதுத்தாள் தருகிறேன் என்பாள், அவன் இரண்டும் வேண்டாம் என்பான். பேசட்டும். கடைசியில் ஒத்துக்கொண்ட வழி நமக்கு அசட்டுத்தனமாகப் பட்டாலும் செய்து பார்க்க விடுங்கள், சரிவராவிட்டால் அவர்களே மறுபடி யோசிப்பார்கள். அடிதடியானால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், பேச்சு பிறகு.

தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதே பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 4 வயதில்தான் பிடிபடுகிறது. அதைவிடச் சின்னவர்களைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல், "பொம்மையைப் பிடுங்கினதும் பாப்பாவுக்கு அழுகை வந்துடுச்சு" என்று நாமே சொன்னால் போதும்.

சண்டையில்லாத நேரத்தில் பழக்குவதற்கு சென்னையில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. மெட்ரோ வாட்டர் லாரி இன்றைக்கு வராது என்றால், இருக்கிற நாலு குடத்தை யார் யாருக்கு, எதற்கு என்று பங்கு போடும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள், குனிந்து மொள்ள முடியாத பாட்டியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோனபோது நம் வீட்டில் எப்படிச் சமாளித்தோம் என்பதையும் சொல்லலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவைப் பிள்ளைகள் காதுபட நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும், அதைத்தான் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் மூன்று மாடி ஏறி வந்தால், நீங்களே சொம்பை நீட்டிவிடாதீர்கள். "அவருக்கு இப்ப என்ன வேணும்?" என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள். தண்ணீர் என்று சொல்லும், சில பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே உட்காரச் சொல்லலாமா என்றுகூடக் கேட்கும். கேட்டால், சேரை இழுத்துப் போடுவதையும் அதனிடமே விட்டுவிடுங்கள்.