காரணி தேடாமலே பகா எண்ணை உறுதி செய்வது எப்படி?

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கத்தான் எல்லோரும் முதலில் கற்கிறோம். 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அப்படி வகுத்துக்கொண்டே போனால் எந்தக் காலத்திலும் முடியாது. அதை உறுதி செய்தது லூக்காஸ்–லேமர் சோதனை. அதே சோதனையை நாம் 127க்குக் கையாலேயே போட்டுவிடலாம்.

முதலில் எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் மெர்சென் எண்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். 127 = 2⁷ − 1. அடுக்கு 2ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும். அடுக்கு பகு எண் என்றால் சோதனையே வேண்டாம். அந்த மெர்சென் எண்ணும் பகு எண்தான்.

இனி 4இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கும் இதையே செய்யுங்கள். அடுக்கைவிட 2 குறைவாக, அதாவது இங்கே 5 முறை. முடிவில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

4 → 14 → 67 → 42 → 111 → 0

மீதி எடுக்க ஓர் அருமையான வழி உண்டு. 67இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. அதை 127ஆல் வகுக்காமல் 128ஆல் வகுங்கள்: ஈவு 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42, தேவையான மீதி வந்துவிட்டது! 128ஐ 127ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் இது நடக்கிறது. கூட்டுத்தொகை 127ஐத் தாண்டினால் மறுபடி அதையே செய்யுங்கள். சரியாக 127 வந்தால் அது 0. கடைசிப் படியில் 12319க்கு ஈவு 96, மீதி 31 என்று வருவதைப் பாருங்கள். கணினி இரும எண்களில் வேலை செய்வதால், அதற்கு 128ஆல் வகுப்பது வெறும் இலக்கங்களை வெட்டிப் பிரிப்பதுதான். இத்தனை பெரிய பகா எண்களெல்லாம் மெர்சென் எண்களாகவே கிடைப்பதற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

இதையே 2¹¹ − 1 = 2047க்குச் செய்தால் 9 படிகளுக்குப் பிறகு 1736 வரும். ஆகவே பகு எண். காரணிகள் 23, 89 என்பதை மட்டும் சோதனை சொல்லாது. இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் தெரியுமா? 2⁶⁷ − 1 பகு எண் என்று எடுவார்ட் லூக்காஸ் 1876இல் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 இரண்டையும் ஃபிராங்க் கோல் வெளியிட்டது 1903இல்தான்.

பழகிப் பார்க்க 2¹³ − 1 = 8191ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 படிகள், 8192ஆல் வகுத்துக் கூட்டுங்கள். ஏழாவது படியில் 36, பத்தாவதில் 128 வந்தால் சரியாகப் போகிறீர்கள். அடுத்த படியை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.