கொள்ளைக்கார ஈயைக் கண்டறிந்து கவனிக்கும் முறை

வெயில் ஏறிய முற்பகலில் புதர்க்காட்டு ஓரமாக நடக்கும்போது, மொட்டைக் குச்சியின் நுனியில் அசையாமல் அமர்ந்து தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்புகிற, உடல் மெலிந்து நீண்ட ஒரு பூச்சியைக் கண்டால், குளவி என்று முடிவுகட்டி நகர்ந்துவிடாதீர்கள். அது கொள்ளைக்கார ஈயாக இருக்கக்கூடும். ‘அசிலிடே’ என்னும் இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

சிறகுகளை எண்ணுவது முதல் சோதனை: ஈக்கு ஒரே இணை, தட்டானுக்கும் குளவிக்கும் இரண்டு. ஆனால் குளவியின் பின்சிறகு முன்சிறகோடு கொக்கியிட்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். ஆகவே நான் முகத்தையே பெரிதும் நம்புகிறேன். நேர் எதிரிலிருந்து பார்த்தால் இரு பெரிய கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாகக் குழிந்திருக்கும். அதற்குக் கீழே, துடிக்கும் இரையிடமிருந்து முகத்தைக் காக்கும் விறைப்பான முடிகள் மீசைபோல அடர்ந்து நிற்கும். தச்சுத் தேனீயைப் போலவே கறுத்துப் பருத்த இனங்களும் இக்குடும்பத்தில் உண்டு. அவற்றின் வேடமும் இந்தப் பள்ளத்திலும் மீசையிலும் கலைந்துவிடும்.

கண்டதும் துரத்த வேண்டாம். பறந்துபோய் இரையைப் பிடித்த ஈ பெரும்பாலும் அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பிவிடும் என்பதால், நம் நிழல் அதன் மேல் விழாதவாறு சில அடி தள்ளிக் குந்தியிருப்பதே போதும். வெறுங்காலோடு திரும்பினால் பொறுத்திருங்கள். இரையோடு வந்தமர்ந்தால் மெல்ல நெருங்குங்கள், ஏனெனில் உண்ணும் ஈ எளிதில் இடம்பெயர்வதில்லை. முள்முடி நிறைந்த கால்களுக்கிடையே ஒரு தேனீ சிக்கியிருக்க, கடினமான ஊசி போன்ற வாயுறுப்பு அதன் கழுத்து மடிப்பில் இறங்கியிருப்பதை அப்போது காணலாம். உள்ளே செலுத்தப்படும் உமிழ்நீர் இரையைச் செயலிழக்கச் செய்து உட்தசையைக் கரைக்க, ஈ அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஈ எழுந்து சென்றபின் குச்சிக்கு அடியில் தேடினால், உறிஞ்சி எறிந்த வெற்றுக்கூடு சில வேளைகளில் கிடைக்கும்; அது என்ன பூச்சி என்பதைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் மேலிருந்தும் படமெடுங்கள். அப்படியும் இனப்பெயர் வரை செல்வது கடினம். பல இனங்களை ஆண் ஈயின் வால்நுனி உறுப்பைப் பார்த்தே பிரிக்கிறார்கள். கையால் மட்டும் பிடிக்காதீர்கள்: தானாக வந்து கடிக்காத இந்த ஈ, விரலில் அகப்பட்டால் நன்றாகவே குத்தும்.