ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸை வீட்டிலேயே இறக்கி, கசிவை அடைப்பது

மாருதி ஜிப்ஸி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித்தான் தள்ளும். இன்ஜினின் பின் சீலிலோ (ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கியர்பாக்ஸின் வால் சீலிலோ கசிகிற எண்ணெய், கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் படிந்து அதன் அடியிலிருந்து சொட்டும். கேஸை டீசலும் பிரஷும் வைத்துக் கழுவித் துடைத்து, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எங்கே மிக உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். சொட்டும் இடம் எதையும் சொல்லாது.

இந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியது அல்ல. தனியாக மூன்று ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கிறது. அதனால் கியர்பாக்ஸைத் தொடாமல் கேஸை மட்டும் இறக்கலாம். வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலையாக இது இருப்பதற்கு அதுதான் காரணம்.

உள்ளே நேரடி ஓட்டம், அதாவது விசை கியர் மாறாமல் நேராகப் போகும் வழி, என்று ஒன்று கிடையாது. கியர் விகிதம் 1.3 லிட்டர் வண்டியில் ஹையில் 1.409, லோவில் 2.268, பழைய 1 லிட்டர் வண்டியில் 1.580, 2.511. அதாவது 2ஹெச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஹை நிலை) தார் ரோட்டில் போனாலும் முழு விசையும் கவுண்டர் கியர் வழியாகத்தான் போகிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது வெறும் 800 மில்லி எண்ணெய். அதில் 200 மில்லி சொட்டிப் போனால் கால்வாசி போயிற்று. சின்னக் கசிவுதானே என்று விடக்கூடாத இடம் இது.

கசியும் இடங்கள்: இன்புட் ஃபிளேஞ்ச் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு), முன் அவுட்புட், பின் அவுட்புட் என மூன்று ஆயில் சீல், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், 4-வீல் விளக்கின் சுவிட்ச், கவுண்டர் ஷாஃப்ட்டின் ஓ-ரிங், அலுமினிய உடலின் மூன்று துண்டுகள் சேரும் இரண்டு விளிம்புகள். ஃபிளேஞ்ச் சீல்கள் மட்டும்தான் என்றால் கேஸை இறக்கவே வேண்டாம். அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டைக் கழற்றி, வண்டியில் இருந்தபடியே மாற்றிவிடலாம். விளிம்பிலோ ஓ-ரிங்கிலோ கசிந்தால் இறக்கத்தான் வேண்டும். இறக்கியபின் எல்லாச் சீலையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை, இரண்டாம் முறை இறக்கும் உழைப்புக்கு ஈடாகாது.

எதையும் கழற்றுமுன் கேஸின் மேலே உள்ள பிரீதரை, அதாவது காற்றுப் போக்கியை, பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் விரியும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது எண்ணெயைச் சீலின் உதடு வழியாகத் தள்ளும். சூடான கேஸோடு ஆற்றில் இறங்கினால் நேர் எதிராக நடக்கும்: சட்டென்று குளிர்ந்து, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போடுவது வீண்.

இறக்குவது

சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள். சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு வைத்திருப்பதால் பயனில்லை; இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் வண்டியில் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து போய்விடும். அடியில் படுப்பவரின் உயிர் அந்தக் கட்டைகளில் இருக்கிறது.

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு எண்ணெய் ஊற்றும் பிளக்கை முதலில் திறங்கள், வடிக்கும் பிளக்கை அடுத்து. ஊற்றும் பிளக் இறுகிப்போய்த் திறக்காமல் நின்றால், வடித்த பிறகு புது எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். வடிந்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு வழக்கமான தேய்மானம். பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் இது சீல் வேலையோடு முடியாது.

மூன்று ஃபிளேஞ்ச் நட்டுகளையும் கேஸ் வண்டியில் இருக்கும்போதே தளர்த்துங்கள். இவை 110 முதல் 150 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கப்பட்டவை; இறக்கிய கேஸ் தரையில் உருளுமே தவிர நட்டு அசையாது. முதலில் ஷாஃப்ட் ஒவ்வொன்றிலும், எதிரே உள்ள ஃபிளேஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுக் கழற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு போல்ட்டு. பிறகு முக்கால் மீட்டர் நீளப் பட்டை இரும்பில் இரண்டு துளை போட்டு, ஃபிளேஞ்சின் இரு துளைகளில் முடுக்கி, சட்டத்தில் முட்டுக் கொடுத்தால் ஃபிளேஞ்ச் திரும்பாது. நட்டின் மடித்த உதட்டை உளியால் நிமிர்த்திவிட்டுத் திருகுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கத்துக் குட்டை ஷாஃப்ட்டை வெளியே இழுக்க வேண்டாம். கேஸ் பக்கத்து நான்கு போல்ட்டை மட்டும் எடுத்து, ஷாஃப்ட்டைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். இழுத்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் வால் வழியாக முகத்தில் கொட்டும்.

வண்டிக்குள் டிரான்ஸ்ஃபர் லீவரின் ரப்பர் உறையைத் தூக்கி, மூடியைக் கீழே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் லீவர் கையோடு வரும். திறந்த துளையைப் பனியன் வேஸ்ட்டால் அடைத்துவிடுங்கள். ஸ்பீடோ கேபிள், சுவிட்ச் வயர், பிரீதர் குழாய் எல்லாம் கழற்றியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஜாக்கியில் பலகை வைத்துக் கேஸைத் தாங்கி, மவுண்டு பிராக்கெட்டுகளின் இடத்தைச் சட்டத்தில் கோடிட்டு, மூன்றையும் கழற்றுங்கள். இதன் எடை 20 கிலோவுக்கு மேல். மார்பின் மேல் வாங்கி இறக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

பிரிப்பது

கழுவாத கேஸைத் திறக்காதீர்கள். வெளிமண் ஒரு சிட்டிகை உள்ளே போனால் பேரிங் போயிற்று. ஃபிளேஞ்சுகளைப் புல்லரால் எடுத்தபின், ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங்கை மாற்றாமல் மூடாதீர்கள். ஆடும் ஷாஃப்ட் எந்தச் சீலையும் சில நூறு கிலோமீட்டரில் தின்றுவிடும்.

விளிம்பைத் திறக்குமுன் ஷிஃப்ட் ஷாஃப்ட்டுகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளையும் எஃகுக் குண்டுகளையும் அவற்றின் பிளக்குகள் வழியாக எடுத்து, எது எந்தத் துளை என்று குறித்துத் தனித்தனித் தட்டில் வையுங்கள். 4-வீல் சுவிட்சைக் கழற்றும்போதும் பின்னால் குண்டு வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ஒரு குண்டு குறைந்தால் லீவர் நழுவும். உள்ளே விழுந்து கிடந்தால் பல்லை உடைக்கும்.

போல்ட்டுகளை எடுத்தபின் பிளாஸ்டிக் சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பிரியுங்கள். ஸ்க்ரூடிரைவரை நடுவில் நுழைத்து நெம்பினால் அலுமினியத்தில் விழும் கீறல்தான் அடுத்த கசிவு. கவுண்டர் ஷாஃப்ட்டின் பூட்டுத் தகட்டை எடுத்து ஷாஃப்ட்டை உருவும்போது நீடில் பேரிங்குகளும் இருபுறத் திரஸ்ட் வாஷர்களும் தளரும். அவை இருந்த வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரின் நாக்கு கேஸின் பள்ளத்தில்தான் உட்கார வேண்டும்.

அடைப்பது

இந்த உடலுக்குப் பேப்பர் பேக்கிங் கிடையாது, கேஸ்கெட் பசைதான். பழைய பசையைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடையுங்கள். பெட்ரோலால் துடைத்துவிட்டு அப்படியே பசை தடவினால், காய்ந்த பிறகும் நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பசையைப் பிடிக்கவிடாது. வீட்டில் அடைத்த கேஸ்கள் மறுபடி கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரு பக்கத்தில் மட்டும், தீக்குச்சித் தடிமனுக்குமேல் போகாமல், போல்ட் துளைகளின் உள்பக்கமாகச் சுற்றிப் பசையை இழுங்கள். அதிகமாகப் போட்டால் உள்ளே பிதுங்கி, உரிந்து எண்ணெயில் மிதக்கும். உடல் போல்ட்டுகளை எதிரெதிராக இரண்டு சுற்றில், 15 முதல் 22 நியூட்டன் மீட்டர்.

சீலின் ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள். சாய்ந்து இறங்கிய சீல் கசியும். ஃபிளேஞ்சில் உதடு ஓடிய தடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் 600-ஆம் நம்பர் உப்புத்தாள் போதாது. லேத் பட்டறையில் ஸ்லீவ் போடுங்கள், அல்லது ஃபிளேஞ்சையே மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஃபிளேஞ்சின் ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்ட்டோடு பிணையும் நீளவாட்டுப் பற்கள். சீல் சரியாக இருந்தும், ஸ்ப்ளைன் பள்ளங்களின் வழியே எண்ணெய் ஊர்ந்து நட்டின் அடியில் வரும். பார்க்கிறவர் சீலைத்தான் குறை சொல்வார். ஸ்ப்ளைனிலும் வாஷருக்கு அடியிலும் மெல்லியதாகப் பசை தடவி மாட்டுங்கள். நட்டைப் புதிதாகப் போட்டு முறுக்கி, உதட்டை மடியுங்கள்.

பசை டியூபில் சொன்ன நேரம் காயவிடுங்கள். ஓர் இரவு விட்டால் நல்லது. ஏற்றும்போது மவுண்டுகளைத் தளர்வாக மாட்டி, ஷாஃப்ட்டுகளைப் பெயின்ட் கோட்டுக்கு இணைத்து 23 முதல் 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கியபின், பழைய கோடுகளுக்கு நேராக வைத்து மவுண்டுகளைக் கடைசியாக இறுக்குங்கள். ரப்பர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் தரை அதிரும். வெடித்த ரப்பரை இப்போதே மாற்றிவிடுங்கள்.

80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெய், ஊற்றும் துளையின் கீழ் உதடு தொடும் வரை. 800 மில்லி பிடிக்காமல் முன்னமே வழிந்தால் வண்டி சாய்ந்து நிற்கிறது.

மண் ரோட்டில் 4ஹெச், 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் ஹை, லோ நிலைகள்) இரண்டையும் போட்டுப் பாருங்கள். காய்ந்த தாரில் வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல வழியில்லாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும், லீவர் வெளியே வராது. 100 கிலோமீட்டர் கழித்து ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் மவுண்டு நட்டுகளையும் மறுபடி முறுக்கி, எண்ணெய் மட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். வடித்தது பால் நிறமாக இருந்த வண்டியில், அப்போதே எண்ணெயை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.